இலைக் கணக்கு நோட்டில் ஒரு கல்லூரிக் கணக்கு

கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கும் சாலையில், அரவேணுவுக்குப் பக்கத்தில் எங்கள் குடியிருப்பு இருக்கிறது. நான் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் இலைக் கணக்கு எழுதுபவன். யார் எத்தனை கிலோ பச்சை இலை கொண்டுவந்தார், ஈரத்துக்காக எவ்வளவு கழிக்கப்பட்டது, வாங்கிய முன்பணம் எவ்வளவு, மாத முடிவில் கைக்கு என்ன சேரும் என்று இருபத்திரண்டு ஆண்டுகளாக எழுதிவந்த எனக்கு, அக்கா மகளின் கல்லூரிச் செலவையும் அப்படி எழுதிப் பார்க்க வேண்டும் என்பது அவள் பிளஸ் டூவில் பாதி ஆண்டைக் கடந்த பிறகுதான் தோன்றியது. அவள் 2024இல் பிளஸ் டூ முடித்தாள். இப்போது கோயம்புத்தூரில் பொறியியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இடைப்பட்ட காலத்தில் நாங்கள் செய்தவற்றில் பாதி சரி, பாதி தவறு. தவறுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

அக்கா ஒரு தனியார் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். அத்தான் பிக்கப் வண்டி ஓட்டுகிறார்; கேரட்டும் முட்டைக்கோசும் ஏற்றிக்கொண்டு விடிவதற்கு முன்பே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கிவிடுவார். எங்கள் இரு வீட்டுப் பெரியவர்களும் 1964ஆம் ஆண்டின் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையின் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பியவர்கள். எங்கள் தலைமுறையில் பட்டம் வாங்கியவன் நான் ஒருவன்தான், அதுவும் அஞ்சல் வழியில் படித்த பி.காம். ஆகவே வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் அது என் கைக்கு வரும். அந்த மரியாதைக்கு நான் தகுதியானவனாக இருந்தேனா என்பது வேறு விஷயம்.

2024 ஜனவரியில், அரையாண்டுத் தேர்வு முடிந்த சில நாட்களில், சமவெளியிலுள்ள ஒரு கல்லூரியின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருவர் காரில் வந்தார்கள். பள்ளியில் யார் யார் என்ன மதிப்பெண் வாங்குகிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. “உங்கள் பெண்ணுக்கு 50 சதவீத உதவித்தொகை ஒதுக்கியிருக்கிறோம், இன்றைக்குள் 10,000 ரூபாய் கட்டினால் இடம் உறுதி” என்றார்கள். அக்கா என் முகத்தைப் பார்த்தார். நான் என் கைப்பேசியிலிருந்தே பணத்தை அனுப்பினேன். அவர்கள் போன பிறகு, அதுவரை அடுப்படி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த அக்கா மகள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: “மாமா, மீதி எவ்வளவு கட்டணும்?” எனக்குத் தெரியவில்லை. ஒரு மூட்டை இலைக்கு இரண்டு கிலோ ஈரம் கழித்தாலே கேள்வி கேட்கும் ஊரில், நான்கு ஆண்டுச் செலவைக் கேட்காமல் முன்பணம் கொடுத்திருந்தேன்.

அன்று இரவே பழைய இலைக் கணக்கு நோட்டு ஒன்றை எடுத்து, கடைசியில் மிஞ்சியிருந்த வெற்றுத் தாள்களில் எழுதத் தொடங்கினோம். அவர்கள் விட்டுப்போன தாளில் ஆண்டுக் கட்டணம் 1,20,000 என்று இருந்தது. பாதி தள்ளுபடி என்றால் 60,000. தாளின் அடியில் பொடி எழுத்தில், தள்ளுபடி முதலாண்டுக்கு மட்டும் என்று இருந்தது. அதன் பிறகுதான் எனக்கு உண்மையில் உறைத்தது இன்னொன்று. அரசுக் கலந்தாய்வு வழியாகச் சேர்ந்தால், சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் தர அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவுக்கே கல்விக் கட்டணம் 55,000 ரூபாய்தான். அங்கீகாரம் இல்லாத பிரிவுக்கு 50,000. கட்டண நிர்ணயக் குழு 2017இல் வகுத்த தொகை அது. ஆக, “உதவித்தொகை” கழிந்த பிறகு அவர்கள் கேட்ட பணம், உதவித்தொகையே இல்லாத கலந்தாய்வுக் கட்டணத்தைவிட அதிகம். அதோடு, அவர்கள் தருவதாகச் சொன்னதுபோல் நிர்வாக ஒதுக்கீட்டில் சேருபவருக்கு, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிப்பவருக்கு அரசு தரும் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடையாது.

அந்த 10,000 ரூபாயில் 6,000 மட்டும், ஐந்து மாதம் தொலைபேசியில் மன்றாடிய பிறகு திரும்பி வந்தது. என்னிடம் கல்லூரியின் பெயரில் ரசீது இல்லை, ஒரு தனிநபரின் எண்ணுக்குப் பணம் அனுப்பிய குறிப்பு மட்டுமே இருந்தது. எனவே குற்றம் சொல்லவும் வழியில்லை. நல்லவேளையாக அசல் சான்றிதழ்களைக் கொடுக்கவில்லை. சேர்ந்த மாணவர் விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தருவது பற்றியும், கல்லூரிகள் அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்றும் பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவிக்கை வெளியிட்டிருக்கிறது. கல்லூரி ரசீது கையில் இருப்பவருக்குத்தான் அது பயன்படும்.

நோட்டில் முதலில் எழுதியது கல்லூரிகளின் பெயர்களை அல்ல, அவளுக்கு எந்தெந்தச் சலுகைகள் பொருந்தும் என்பதை. இந்த இடத்தில் எங்கள் வீட்டின் பழைய காயம் ஒன்று திறந்துகொண்டது.

அவள் ஐந்தாம் வகுப்பு முடித்தபோது, ஆங்கிலவழி என்ற ஒரே காரணத்துக்காக அக்கா வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி அவளை ஒரு தனியார் பள்ளியில் சேர்த்தார். ஆண்டுக்கு 22,000 ரூபாய். ஆறு, ஏழு, எட்டு என மூன்று ஆண்டுகள் அங்கே படித்தாள். 2020இல் கொரோனா முடக்கம் வந்தது. அத்தானின் வண்டி வாசலிலேயே நின்றது. ஒன்பதாம் வகுப்புக்கு அவளை அரசுப் பள்ளிக்கு மாற்றினார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்படிப்புகளுக்கும் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் பெறுபவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் ஆகியவற்றை அரசே ஏற்கிறது. நிபந்தனை, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். கல்லூரி செல்லும் பெண்களுக்காக 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய்க்கும் அதே ஆறு முதல் பன்னிரண்டு வரை என்ற கணக்குத்தான். கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு விலக்கு உண்டு. நாங்களோ கட்டணம் கட்டிப் படிக்க வைத்தவர்கள்.

அதாவது அந்த மூன்று ஆண்டுகளுக்கு நாங்கள் கட்டிய 66,000 ரூபாயை மட்டும் செலவாக எழுதினால் போதாது. நான்கு ஆண்டுகளுக்குப் புதுமைப்பெண் தொகை 48,000. அதற்கு மேல், 7.5 சதவீதத்தில் இடம் கிடைத்திருந்தால் மிச்சமாகியிருக்கும் முழுச் செலவு. அக்கா இதைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. சேர்த்த ஆண்டில் இந்தத் திட்டங்கள் எதுவும் இல்லை என்பதால் அவரைக் குறை சொல்ல முடியாது என்பதை நான் பலமுறை சொல்லிவிட்டேன்; இங்கேயும் எழுதிவைக்கிறேன். ஆனால் இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை வைத்துக்கொண்டு பள்ளி தேடும் எங்கள் பக்கத்துக் குடும்பங்களிடம் இதை ஒளிக்காமல் சொல்கிறேன். கல்லூரிச் செலவின் முதல் முடிவு பதினோரு வயதிலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

எஞ்சியது முதல் பட்டதாரிச் சலுகை. கலந்தாய்வு வழியாகச் சேரும்போது கல்விக் கட்டணத்தில் 25,000 ரூபாய் குறையும். இதில் எனக்கு ஒரு பயம் இருந்தது: என் அஞ்சல் வழி பி.காம். குறுக்கே நின்றுவிடுமோ என்று. கிராம நிர்வாக அலுவலரிடம் நேராகவே கேட்டேன். பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தவர்கள் ஆகியோரில் பட்டதாரி இருக்கக் கூடாது. தாய்மாமன் அந்தக் கணக்கில் வரமாட்டான் என்றார். தாய்மாமன் எண்ணிக்கையில் சேராததற்காக ஒருவன் மகிழ்ந்த தருணம் எங்கள் உறவுமுறையில் அதுவாகத்தான் இருக்கும். ஒரு குடும்பத்தில் ஒரு பிள்ளைக்கு மட்டுமே இச்சலுகை என்பதால், தம்பிக்கு இது கிடைக்காது என்பதையும் அப்போதே நோட்டில் எழுதிக்கொண்டோம்.

சான்றிதழ் வாங்கியது தனிக் கதை. இ-சேவை மையத்தில் ஒரு சான்றுக்கு 60 ரூபாய். விண்ணப்பம் கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர் அலுவலகம் என்று படியேறும். பணம் பெரிதில்லை, நாட்கள்தான் பெரிது. அத்தானின் பெயர் குடும்ப அட்டையில் ஒரு முன்னெழுத்தோடும், பள்ளிச் சான்றில் வேறு முன்னெழுத்தோடும் இருந்தது. இலங்கையிலிருந்து திரும்பியவர்களை முதலில் தங்கவைத்த மண்டபம் முகாமில் அத்தானின் அப்பா இறங்கியபோது, அவருடைய காகிதத்தில் யாரோ எழுதிய பெயர்தான் அதன் மூலம். ஐம்பது ஆண்டுகள் யாருக்கும் தடையாக இல்லாத அந்த எழுத்து, கணினித் திரையில் தடையாக நின்றது. விண்ணப்பம் இரண்டு முறை திரும்பியது. மே மாதத்தில் முடிவு வந்த பிறகு மாவட்டம் முழுவதும் ஒரே நேரத்தில் விண்ணப்பிக்கும். மழையும் மின்தடையும் சேர்ந்துகொண்டால் மையத்தில் ஒரு நாள் முழுக்க நின்று வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். பெயர் வேறுபாடுகளைச் சரிசெய்வது, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று ஆகியவற்றைப் பிளஸ் டூவின் டிசம்பர் விடுமுறைக்குள் முடித்துவிட வேண்டும். வருமானச் சான்று ஓராண்டுதான் செல்லும். அதை மட்டும் தேர்வு முடிந்த பின் வாங்கினால் சேர்க்கைக்கும் கடனுக்கும் சேர்த்துப் பயன்படும்.

அடுத்த தாளில் மூன்று கட்டம் போட்டோம். முதல் கட்டத்தில் ஊட்டி அரசு கலைக் கல்லூரி, பி.எஸ்சி. கணிதம். 1955இல் தொடங்கிய, ஆங்கிலேய ஆட்சியர் சல்லிவன் கட்டிய ஸ்டோன் ஹவுஸ் வளாகத்தில் நடக்கும் கல்லூரி அது. வீட்டிலிருந்தே போய்வரலாம், கட்டணம் சில ஆயிரங்களுக்குள் அடங்கும், பேருந்து, புத்தகம், உடை எல்லாம் சேர்த்தாலும் மூன்று ஆண்டுக்கும் 60,000 ரூபாயைத் தாண்டவில்லை. இரண்டாம் கட்டத்தில் கலந்தாய்வு வழியாகக் கோயம்புத்தூரில் பொறியியல். மூன்றாம் கட்டத்தில் அந்தக் கார்க்காரர்களின் கல்லூரி. மூன்றாவதை அவளே குறுக்குக்கோடு போட்டு அடித்தாள்.

இரண்டாம் கட்டத்தை விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலானோர் கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதிவிட்டு நோட்டை மூடிவிடுகிறார்கள். கல்விக் கட்டணம் 55,000இல் சலுகை போக 30,000. தேர்வு, நூலகம், பயிற்சி என்று கல்லூரி தனியாக வாங்குவது 20,000. விடுதியும் உணவும் 75,000. ஊருக்கு வந்துபோவது 12,000. உடை, கைப்பேசி, மருந்து என்று கைச்செலவு 10,000. ஆண்டுக்கு 1,47,000, நான்கு ஆண்டுக்கு 5,88,000, மடிக்கணினிக்கு 40,000 சேர்த்தால் 6,28,000 ரூபாய். பெரிய தொகை கல்விக் கட்டணத்தில் இல்லை, விடுதியில் இருக்கிறது என்பதை மலையிலிருந்து பிள்ளைகளைக் கீழே அனுப்புபவர்கள் முதலில் பார்க்க வேண்டும். கோயம்புத்தூரில் வீடு உள்ளவருக்கு இதே படிப்பு பாதிச் செலவில் முடிந்துவிடும். பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை நடத்தும் கல்லூரி மாணவியர் விடுதியில் உணவும் தங்குமிடமும் இலவசம். நாங்கள் தாமதமாக விண்ணப்பித்ததால் முதலாண்டில் இடம் கிடைக்கவில்லை.

வரவுப் பக்கம் எழுதும்போது அக்காவும் அத்தானும் கூச்சப்பட்டார்கள். பிள்ளைக்கு முன்னால் சம்பளத்தைச் சொல்வது அவர்களுக்குப் பழக்கமில்லை. நான் வற்புறுத்தினேன், அது சரியென்றே இன்றும் நினைக்கிறேன். இருவரும் சேர்ந்து மாதம் 4,000 ஒதுக்கலாம். தீபாவளிப் போனஸிலிருந்து 10,000. நான் மாதம் 1,500. ஆண்டுக்கு 76,000, நான்கு ஆண்டுக்கு 3,04,000. ஆண்டுக்கு 80,000 வீதம் வங்கிக் கடன் வாங்கினால் 3,20,000. கூட்டினால் 6,24,000. நான்காயிரம் இடித்தது. “அதை நான் ஊருக்கு வர்றதைக் குறைச்சுச் சரிபண்ணிக்கிறேன்” என்றாள். அக்கா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார்.

கடன் என்ற சொல்லைக் கேட்டதும் அத்தான், “படிச்சு முடிச்சு வேலைக்குப் போய்க் கட்டிக்கலாம்” என்று எளிதாகச் சொன்னார். அவள்தான் விடவில்லை. “மாசம் எவ்வளவு கட்டணும் மாமா? எந்தச் சம்பளத்துல கட்டுவேன்?” என்றாள். ஆகவே அதையும் போட்டுப் பார்த்தோம். கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. ஆனால் தனிவட்டி ஓடிக்கொண்டே இருக்கும். 10 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முதலாண்டில் வாங்கிய 80,000க்கு ஐந்து ஆண்டு வட்டி, இரண்டாம் ஆண்டில் வாங்கியதற்கு நான்கு, அடுத்ததற்கு மூன்று, கடைசியாக வாங்கியதற்கு இரண்டு. பதினான்கு எட்டாயிரங்கள், 1,12,000 ரூபாய். தவணை தொடங்கும் நாளில் கடன் 4,32,000 ஆகியிருக்கும். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 5,700. அந்த வட்டியை அரசு ஏற்றால் 3,20,000க்கு மட்டும் கட்டலாம். மாதம் சுமார் 4,200. ஊரிலிருந்து போய்ப் படித்து முடித்த இரண்டு அக்காமார்களை அவளே தொலைபேசியில் அழைத்து முதல் சம்பளம் என்ன என்று கேட்டாள். ஒருவர் 16,000, இன்னொருவர் 20,000 என்றார்கள். முதல் சம்பளத்தில் கால் பங்குக்கு மேல் தவணை போகக் கூடாது என்று ஓர் எல்லை வகுத்துக்கொண்டோம். 5,700 அந்த எல்லையைத் தாண்டியது. 4,200 ஏறக்குறைய அடங்கியது.

ஆகவே வட்டி மானியம் கிடைக்குமா என்பதே எந்தக் கல்லூரி என்பதைத் தீர்மானிக்கும் கேள்வியாக மாறிவிட்டது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால், தொழிற்படிப்புகளுக்குப் படிப்புக் காலத்தோடு ஓராண்டுக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. ஆனால் கல்லூரி ‘நாக்’ தர அங்கீகாரமோ பாடப்பிரிவு ‘என்.பி.ஏ.’ அங்கீகாரமோ பெற்றிருக்க வேண்டும். அவள் எழுதிவைத்த கல்லூரிகளில் இரண்டுக்கு இரண்டுமே இல்லை; ஒன்றில் அவளுடைய தோழி சேரவிருந்தாள். அவற்றைப் பட்டியலிலிருந்து நீக்கினோம். கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் இடுவது அவளுடைய வேலை, ஆனால் பணத்தால் எட்டாத கல்லூரி எதுவும் அதில் இருக்கக் கூடாது என்பது எங்கள் உடன்பாடு. எங்கள் குடியிருப்பில் சிக்னல் நிற்காது. சாலை வளைவில் உள்ள டீக்கடைத் திண்ணையில் உட்கார்ந்து, மூடுபனிக்கு நடுவே, அவள் பட்டியலைப் பதிவுசெய்தாள். மூன்றாவதாக இட்ட கல்லூரி கிடைத்தது. இடம் ஒதுக்கிய சில நாட்களுக்குள் கட்டணம் கட்ட வேண்டும் என்பதால், அப்போது போய்ப் பணம் தேடுபவர்கள் கந்துவட்டிக்காரரிடம்தான் போய் நிற்பார்கள்.

கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் அப்போது ஒரே விண்ணப்பத்தை மூன்று வங்கிகள் வரை அனுப்ப முடிந்தது. அனுப்பினோம். மலையிலுள்ள ஒரு கிளையில், கல்லூரி கோயம்புத்தூரில்தானே இருக்கிறது, அங்கே போங்கள் என்றார்கள். கோயம்புத்தூர்க் கிளையில், நீங்கள் நீலகிரிக்காரர், உங்கள் ஊர்க் கிளைக்குப் போங்கள் என்றார்கள். ஒரு நாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து மேலே கீழே என்று நான்கு முறை ஏறி இறங்கினோம். கடைசியில் ஊர்க் கிளையின் அதிகாரி, நிலப் பட்டா இருக்கிறதா என்று கேட்டார். 7.5 லட்சம் ரூபாய் வரை பிணை கேட்பதில்லை என்பதும், 4 லட்சம் வரை நம் பங்காக ஒரு ரூபாயும் போட வேண்டியதில்லை என்பதும் வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே உள்ளவை. நான் குரலை உயர்த்தவில்லை. “கடன் இல்லை என்றால் அதற்கான காரணத்தை எழுதிக் கொடுங்கள் சார், நாங்கள் போய்விடுகிறோம்” என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் வரச் சொன்னார். அடுத்த வாரம் பட்டாப் பேச்சு இல்லை.

ஆனால் அங்கே வேறொன்று தடுத்தது. அத்தான் இணைக் கடனாளி என்பதால் அவருடைய பழைய கடன் வரலாற்றைப் பார்த்தார்கள். 2020இல் நின்றுபோன ஒரு சிறு கடனில் 3,800 ரூபாய் பாக்கி என்று காட்டியது. கட்டி முடித்து, பாக்கியில்லை என்ற கடிதம் வாங்கி, அது பதிவேட்டில் மாறுவதற்கு ஒன்றரை மாதம் ஆனது. பிள்ளை பிளஸ் டூவில் இருக்கும்போதே பெற்றோரின் சிபில் அறிக்கையை ஒருமுறை எடுத்துப் பார்த்துவிடுவது நல்லது. இன்னொன்று, கல்லூரி தரும் கட்டண விவரக் கடிதத்தில் விடுதி, உணவு, மடிக்கணினி ஆகியவையும் இருக்க வேண்டும். முதலில் எங்களுக்குக் கல்விக் கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள், அதை வைத்து வங்கி அவ்வளவுதான் தரும். கடன் செப்டம்பர் இறுதியில்தான் கைகூடியது. ஆகஸ்டில் கட்ட வேண்டிய முதல் தவணைக்கு அக்காவின் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குப் போனது. நோட்டில் நான் எழுத மறந்த வரி அதுதான்: கடன் வருவதற்கு முன்னால் கட்ட வேண்டிய பணம்.

மற்ற உதவித்தொகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பொறியியல் படிக்கும் பெண்களுக்கு ஆண்டுக்கு 50,000 தரும் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் (ஏ.ஐ.சி.டி.இ.) பிரகதி திட்டம் இருக்கிறது; குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், மதிப்பெண் வரிசையில் தேர்வு. பிளஸ் டூவில் முன்வரிசையில் வந்தவர்களுக்கு ஆண்டுக்கு 12,000 தரும் மத்திய அரசுத் திட்டமும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் உண்டு. இரண்டுமே, வேறு அரசு உதவித்தொகை பெறுபவர்களை ஏற்பதில்லை என்ற நிபந்தனை உடையவை. எது உறுதியோ அதைப் பிடித்துக்கொள்வோம் என்று நாங்கள் மாநிலச் சலுகைகளோடு நின்றுவிட்டோம். பிரகதிக்கு முயலாமல் விட்டது சரியா என்று எனக்கு இன்றும் மனம் முழுதாக ஒப்பவில்லை. தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளுக்குத் தமிழ்நாடு தொழிலாளர் நல வாரியம் கல்வி உதவித்தொகை தருகிறது. அக்கா இருபது ஆண்டு வேலை செய்த பிறகு, அதுவும் ஒரு சங்கத்துக்காரர் சொல்லித்தான் இது தெரிந்தது. ஓட்டுநர் நல வாரியத்தில் அத்தான் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார்.

பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகை முதலாண்டில் “செலுத்தப்பட்டது” என்று காட்டியும் அவள் கணக்குக்கு வரவில்லை. சிம் அட்டை வாங்கும்போது யாரோ கடைக்காரர் திறந்துவிட்ட ஒரு கைப்பேசிக் கணக்கோடு அவள் ஆதார் கடைசியாக இணைந்திருந்தது. பணம் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. ஆதாரை வங்கியில் கொடுத்துவிட்டோம் என்பது போதாது, நேரடிப் பணப் பரிமாற்றத்துக்கு எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அந்தப் பணத்தை எடுத்துவிட்டோம், ஆனால் மூன்று மாதம் கழித்து.

இந்த ஜனவரியில் உறைபனி கடுமையாக இருந்தது. கொழுந்து கருகி, அதிகக் கிலோவுக்கான ஊக்கத்தொகை அக்காவுக்கு அறவே இல்லை. காய்கறி லோடும் குறைவு. விடுதியின் இரண்டாம் தவணை எப்போதும் அந்த மாதத்தில்தான் விழுகிறது. முதலாண்டில் அதற்காக மீண்டும் சங்கிலியை எடுத்துக்கொண்டு போனோம். இந்த ஆண்டு தீபாவளிப் போனஸை அப்படியே அஞ்சலகத்தில் போட்டு வைத்திருந்ததால் போகவில்லை. உணவுக் கட்டணம் ஏறியதால் கணக்கு 9,000 ரூபாய் தள்ளி நிற்கிறது. அதை அவள் தன் தாளில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறாள். நோட்டு இப்போது அவளிடம்தான் இருக்கிறது.

பொங்கலுக்கு வந்தபோது, பிளஸ் ஒன் படிக்கும் தம்பியை உட்காரவைத்து அவனுக்கென்று ஒரு தாள் தொடங்கினாள். அவன் 2020இல் ஆறாம் வகுப்புக்குப் போனவன். அந்த ஆண்டு தனியார் பள்ளிக்குக் கட்டப் பணமில்லாததால் நேராக அரசுப் பள்ளிக்குப் போனவன். மேலே அவன் பெயரை எழுதி, முதல் பட்டதாரி என்பதற்கு எதிரே “இல்லை” என்று எழுதினாள். அதன் கீழே 7.5 சதவீதம், புதுமைப்பெண் போல ஆண் பிள்ளைகளுக்கு உள்ள தமிழ்ப்புதல்வன் 1,000 என்று எழுதி, எதிரே “ஆறு முதல் பன்னிரண்டு, அரசுப் பள்ளி” என்று குறித்து, இரண்டு கோடு போட்டாள். அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கோடு எதற்கு என்று கேட்டார்.